ஒவ்வாமையும் வெளிநாட்டுப் பயணமும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் பயணப் பேச்சும் தொடங்கிவிடும். ஜொகூர் பாருவில் வாழ்வோர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை. கடப்பிதழ், உடைகள், உறவினர்களுக்கான அன்பளிப்புகள் என எல்லாவற்றையும் கவனமாக எடுத்து வைக்கிறோம். ஒவ்வாமை உள்ளவரோ அவற்றோடு முன்னெச்சரிக்கையையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் கிருமிகளை எதிர்த்துப் போராடுகிறது. சிலருக்கு அது இறால், நிலக்கடலை, பால், முட்டை, எள் போன்ற உணவுகளையும் பகையாகக் கருதிவிடுகிறது. இதுவே ஒவ்வாமை. இதனால் தோலில் தடிப்பும் அரிப்பும் ஏற்படலாம்; உதடு வீங்கலாம்; கடுமையான நிலையில் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சொந்த ஊரில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். இறால் ஒவ்வாதவர், சம்பலில் பெலாச்சான் கலந்திருக்கும் என்று அறிந்து ஒதுக்கிவிடுவார். வெளிநாட்டில் ஒவ்வாத பொருள் வேறு உருவில், வேறு பெயரில் மறைந்திருக்கலாம். எடுத்துக்காட்டாக, தமிழகத்தில் இட்லிப் பொடியில் பெரும்பாலும் எள் சேர்ப்பர். அதில் ஊற்றும் நல்லெண்ணெயும் எள்ளிலிருந்து எடுக்கப்படுவதே. எள் ஒவ்வாத ஒருவர் அந்த 'நல்ல' பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக்கூடும்.

மறைந்திருந்த எள் ஓர் உயிரையே பறித்ததுண்டு. 2016ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், நடாஷா எட்னன்-லெப்பரூஸ் எனும் 15 வயதுச் சிறுமி, தந்தையுடன் லண்டனிலிருந்து பிரான்சின் நீஸ் நகருக்குப் புறப்பட்டாள். விமான நிலையத்தில் அவள் வாங்கிய ரொட்டியின் மாவில் எள் கலந்திருந்தது. உறையில் அதுபற்றிய குறிப்பு இல்லை. விமானத்தில் ஒவ்வாமை முற்றியது. தந்தை இரண்டு முறை அட்ரினலின் ஊசி செலுத்தியும் அவள் அன்றே உயிரிழந்தாள். பெற்றோரின் விடாமுயற்சியால், கடையிலேயே தயாரித்து உறையிட்டு விற்கும் உணவுகளில் எல்லா மூலப்பொருள்களையும் குறிப்பிட வேண்டும் எனும் சட்டம் 2021ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதனை 'நடாஷா சட்டம்' என அழைக்கின்றனர்.

உறையிலுள்ள குறிப்பைப் படிப்பது மட்டும் போதாது; உணவில் என்ன கலந்துள்ளது என்று வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும். மொழி தெரியாத நாட்டிற்குச் செல்வோர், தமக்கு ஒவ்வாத பொருள்களை அந்நாட்டு மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்வது நலம். மருந்துகளையும் மருத்துவரின் கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். விமானத்தின் சரக்கறையில் போகும் பெட்டி, தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது.

விமானத்தினுள் காற்று வறண்டிருக்கும். எளிதில் அரிப்பெடுக்கும் தோல் உள்ளவர்கள் ஈரப்பதம் காக்கும் களிம்பை அவ்வப்போது பூசிக்கொள்ளலாம். கைப்பையில் வைக்கும் களிம்புப் புட்டி பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு மேற்படக் கூடாது. தங்குமிடத்துச் சவர்க்காரத்தைத் தவிர்த்து, பழகியதையே பயன்படுத்துவது நல்லது.

எல்லாவற்றிலும் கடினமானது, உறவினர் வீட்டில் அன்போடு பரிமாறும் உணவை வேண்டாம் என்பதுதான். "மன்னிக்கவும் அத்தை, எள் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று பணிவுடன் சொன்னால் எவரும் வருந்தமாட்டார். உடலுக்கு மாறுபடாத உணவை அளவோடு உண்டால் உயிருக்குத் துன்பமில்லை என்று வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் கூறியுள்ளார். கூச்சம் ஒரு நொடியில் மறையும். உயிரோ போனால் திரும்பாது.