உலுரு: ஏறாமல் பார்க்கும் மலை

ஆஸ்திரேலியா வரைபடம் வரைந்திருக்கிறோம் அல்லவா? அதன் நடுவே, செம்மண் பாலைநிலத்தில் ஒற்றையாக நிற்கிறது உலுரு என்னும் பாறைமலை. உயரம் தரையிலிருந்து 348 மீட்டர். அடிச்சுற்றளவு 9.4 கிலோமீட்டர். விடுமுறையில் மாமா குடும்பத்தோடு போனபோது, ரேஞ்சர் கூட்டிப் போன 'மாலா நடை'யில் நானும் நடந்தேன். போக வர 2 கிலோமீட்டர்தான். தெரிந்துகொண்டது நிறைய!

1. ஏன் சிவப்பு?
உண்மையில் இந்தக் கல் சாம்பல் நிறம். கல்லில் இரும்பு இருப்பதால், காற்றும் ஈரமும் பட்டு மேற்பரப்பு துருப்பிடித்திருக்கிறது, நம்ம வீட்டுப் பழைய இரும்பு கேட் மாதிரி! சில குகைகளுக்குள் பழைய சாம்பல் நிறம் தெரியும்.

2. யாருடைய மலை?
அனங்கு என்ற பூர்வகுடி மக்களுடையது. 1873-ல் வந்த நில அளவையாளர் வில்லியம் காஸ் 'ஏயர்ஸ் ராக்' என்று பெயர் வைத்தார். 1985 அக்டோபர் 26-ல் அரசு நிலத்தை அனங்கு மக்களிடமே ஒப்படைத்தது. அவர்கள் தேசியப் பூங்காவுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, சேர்ந்தே பராமரிக்கிறார்கள்.

3. மாலா என்றால்?
முயல் அளவே உள்ள, கங்காரு இனத்தைச் சேர்ந்த பிராணி. மாலா முன்னோர்கள் இங்கே சடங்கு நடத்தியபோது, பேய்நாய் வருகிறது என்று மீன்கொத்திப் பெண் எச்சரித்தாளாம். அவர்கள் கேட்கவில்லை, சிதறி ஓட வேண்டியதாயிற்று. நிஜ மாலாவும் பூனை, நரிகளால் இங்கே அழிந்தே போனது. 2005-ல் வேலியிட்டு மறுபடி வளர்க்கத் தொடங்கினார்கள்.

4. ஏன் ஏறக்கூடாது?
ஏறும் பாதை மாலா முன்னோர்கள் போன புனித வழி. ஏறப் போய் 35 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். மேலே கழிப்பறை கிடையாது. மழை பெய்தால் அசுத்தமெல்லாம் கீழே சுனைக்கு வரும். 'தயவுசெய்து ஏறாதீர்கள்' என்று அனங்கு மக்கள் பல வருஷம் கேட்டும் நிறையப் பேர் ஏறினார்கள். 2019 அக்டோபர் 26 முதல் முழுத் தடை.

சில இடங்களில் போட்டோவும் எடுக்கக் கூடாது. "இவ்வளவு தூரம் வந்து ஏறலைன்னா எப்படி?" என்றான் மாமா பையன். எனக்கோ மீன்கொத்திதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் விருந்தாளி கேட்க வேண்டாமா?

சிந்திக்க: நீங்கள் போயிருந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?