காமாலையும் கணையப் புற்றுநோயும்

இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்புக்கு முன்னே குறுக்காகப் படிந்திருக்கும் சுரப்பியே கணையம். அதன் நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. செரிமான நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவதும், இன்சுலினை இரத்தத்தில் கலப்பதும் அதன் பணிகள். வயிற்றின் ஆழத்தில் மறைந்திருப்பதால், அங்குத் தோன்றும் கட்டி தொடக்கத்தில் கைக்கும் தட்டுப்படாது. வலியும் பெரும்பாலும் தராது. நோய் உறுதியாகும்பொழுது, அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்போர் ஐவரில் ஒருவர் அளவே. கோவா முதலமைச்சராயிருந்த மனோகர் பாரிக்கர் 2019-இல் மறைந்தது இந்நோயால்தான்.

கணையத்தைத் தலை, உடல், வால் என மருத்துவர் பகுத்துரைப்பர். கட்டிகளில் பெரும்பாலானவை தலைப்பகுதியில் தோன்றுகின்றன. கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளம் அத்தலையை ஊடுருவியே குடலை அடைகிறது. கட்டி நாளத்தை நெருக்கும்பொழுது, பித்தம் குடலுக்குச் செல்லாமல் தேங்கி இரத்தத்தில் கலக்கிறது. கண்கள் மஞ்சளிக்கும், சிறுநீர் கடுந்தேநீர் நிறம் கொள்ளும், மலம் வெளிறும், உடலெங்கும் அரிப்பு எடுக்கும். காய்ச்சலும் வலியும் இன்றி, நாளுக்கு நாள் ஏறும் காமாலை இது.

நம் ஊர்களில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது வழக்கம். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியக்கூடியது. எனவே பச்சிலை குணப்படுத்தியதாகவே தோன்றும். அடைபட்ட நாளத்தை எந்தப் பச்சிலையும் திறக்காது. பத்தியம் இருந்து கழிக்கும் அந்த நான்கைந்து வாரங்களிலேயே அறுவைக்கான வாய்ப்பு கைநழுவிப் போகலாம். ஆதலின், நடுவயது கடந்தவர்க்கு வலியில்லாக் காமாலை கண்டால், அவ்வாரத்திலேயே இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்வித்தல் வேண்டும். பித்தநாளக் கல்லாலும் இவ்வடைப்பு உண்டாகலாம். அதனை அறியவும் ஸ்கேனே வழி.

வேறு குறிகளும் உள. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி. எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம். ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் நீரிழிவோடு எடையும் குறைதல். புதிய நீரிழிவெல்லாம் புற்றுநோய் அன்று, அஞ்ச வேண்டா. ஆயினும், நோன்பினால் இளைத்ததாகக் கருதியவர்க்குப் பாரணைக்குப் பின்னும் எடை திரும்பவில்லையெனில் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

புலால் உண்ணாதவர்க்கு இந்நோய் வாராது என்பார் உளர்; அது சரியன்று. புகைப்போர்க்கு இடர் ஏறத்தாழ இருமடங்கு. புகையை விட்டால் அது ஆண்டுதோறும் குறையும். உடற்பருமன், நெடுநாள் நீரிழிவு, நாட்பட்ட கணைய அழற்சி ஆகியனவும் காரணங்கள். கேரளத்திலும் தமிழகத்திலும் மதுவைத் தொடாத இளைஞர்க்கும் கணையத்தில் கற்கள் உண்டாகும் ஒருவகை அழற்சி காணப்படுகிறது. அவர்கள் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பில் இருத்தல் நன்று. நெருங்கிய உறவினர் இருவர்க்கு இந்நோய் வந்த குடும்பத்தாரும் மருத்துவரை முன்கூட்டியே கலந்து கொள்க. ஏனையோர்க்கு முற்சோதனை எதுவும் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

தலைப்பகுதிக் கட்டிக்குரிய பேரறுவை, 1935-இல் நியூயார்க்கில் அதனைச் செய்த ஆலன் விப்பிள் பெயரால் வழங்குகிறது. பெர்லினில் வால்தர் கௌஷ் 1909-லேயே இதுபோன்றதைச் செய்திருந்தார் என்பதைப் பலர் அறியார். கணையத்தலை, சிறுகுடலின் முற்பகுதி, பித்தப்பை ஆகியவற்றை அகற்றி எஞ்சியவற்றை இணைப்பர். பழக்கமுள்ள மருத்துவமனைகளில் அறுவையால் இறப்போர் இன்று நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. எனவே, அங்கு ஆண்டுக்கு எத்தனை பேர்க்கு இது செய்யப்படுகிறது என்று கேட்டறிக. பின்னர்ப் பல மாதங்கள் கீமோதெரபி தொடரும். ஆயினும் நோய் மீள்வது உண்டு. அறுவை இயலாதார்க்குப் பித்தநாளத்தில் குழாய் பொருத்திக் காமாலையைத் தணிக்கலாம். வலியை அடக்கவும் நல்ல வழிகள் உண்டு.

நம்மவர்க்கென ஒன்று கூற வேண்டும். அறுவைக்குப் பின் பலர்க்குச் செரிமான நொதி மாத்திரைகள் தேவைப்படும். அவை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. கேட்டாலன்றி இதனை எவரும் சொல்வதில்லை. பூஞ்சை, தாவரம் வழி வரும் நொதிகள் உள்ளன. ஆனால் ஆற்றல் குறைந்தவை. நொதியின்றி உண்பது உடலில் சேராது. நோயாளி மெலிந்துகொண்டே போவார். உறவினர் மறைத்துக் கொடுப்பதினும், அறுவைக்கு முன்பே நோயாளியிடம் உண்மையைச் சொல்லி அவர் முடிவைக் கேட்பதே முறை. இன்சுலினுக்கு இத்தயக்கம் வேண்டா. இன்று அது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் வழியே ஆக்கப்படுகிறது. சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணச் சொல்வார்கள். இரவுணவு கொள்ளாதவர் அதனை முன்னரே கூறினால், உணவியல் வல்லுநர் பகற்பொழுதுக்குள் அமையுமாறு வகுத்துத் தருவார்.