விகடகவியைத் திருப்பிப் போட்டால்…

நம்பிக்கை: சொல் புதிரை அவிழ்க்கும் நிரல் மெதுவாக ஓடுகிறதா? வேகமான கணினி வாங்கு. இல்லையென்றால் பைத்தானை விட்டு சி மொழிக்கு மாறு.

உண்மை: மாட் பார்க்கர் என்ற கணித எழுத்தாளர் 2022-இல் தன் கதையைத் தானே சொல்லிச் சிரித்தார். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் ஐந்து வேண்டும். 25 எழுத்தில் ஒன்றுகூட இரண்டாம் முறை வரக் கூடாது. இதுதான் புதிர். அவருடைய பைத்தான் நிரல் மடிக்கணினியில் சுமார் 32 நாள் ஓடி விடை சொன்னது. நேயர் ஒருவர் அதே பைத்தானில் சுமார் 15 நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அவர் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளி. பொது எழுத்தே இல்லாத இரு சொற்களுக்கு நடுவே ஒரு கோடு. ஒரு சொல்லை எடுத்ததும் அதோடு கோடு இல்லாத அத்தனை சொற்களும் ஆட்டத்தை விட்டு வெளியே. அடுத்த சொல்லை எடுத்தால் இன்னும் பல வெளியே.

பின்னால் வந்தவர்கள் நொடிக்கும் கீழே இறக்கினார்கள். சி போன்ற மொழிகளும் அதற்கு உதவின, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு தந்திரம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, புதிருக்கு வேண்டியது 25. விடுபடக்கூடியது ஒன்றே ஒன்று. அப்படியானால் ‘க்யூ’, ‘ஜே’ இரண்டில் ஒன்றாவது விடைக்குள் இருந்தே தீர வேண்டும். இரண்டும் அரிதாக வருபவை. அந்தச் சில சொற்களிலிருந்து தொடங்கினால், மற்ற ஆயிரக்கணக்கான தொடக்கங்களைத் தொடவே வேண்டாம்.

நம்பிக்கை: ஒரு சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி வேறு சொல் காணும் புதிருக்கு எல்லா வரிசைகளையும் போட்டுப் பார்த்தே ஆகணும்.

உண்மை: பத்து வெவ்வேறு எழுத்துக்கு 36,28,800 வரிசை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன்; டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி, அதையே சாவியாக வைத்து அகராதியை ஒருமுறை தொகுத்துவிட்டால் போதும். ஒரே சாவி உள்ள சொற்கள் ஒரே பெட்டியில் விழும்; புதிர்ச் சொல்லின் சாவியால் அந்தப் பெட்டியைத் திறந்தால் விடை.

நம்பிக்கை: ஆங்கிலத்துக்கு ஓடும் நிரல் தமிழுக்கும் அப்படியே ஓடும்.

உண்மை: ஓடும், தப்பாக. ‘தமிழ்’ எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேளுங்கள்; ஐந்து என்கிறது. யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் இந்தக் கணக்கு. மேலே சொன்ன சாவி முறைக்கு ‘காலம்’, ‘கலாம்’ இரண்டையும் கொடுத்தால் ஒரே பெட்டியில் போட்டுவிடும். துணைக்கால் எந்த மெய்யோடு ஒட்டியது என்பது அதற்குத் தெரியாது. தெனாலிராமன் கதை கேட்ட பிள்ளைக்கும் தெரியும், ‘விகடகவி’யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான் என்று. குறியீடு குறியீடாகத் திருப்பும் நிரலோ, ‘இல்லை’ என்று சாதிக்கும்.

மருந்து எளிது: முதலில் சொல்லை உயிர், மெய், உயிர்மெய் எழுத்துகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூலப் பைத்தான் தொகுப்பில் இதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு. அதன் பிறகு மேலே சொன்ன தந்திரங்கள் எல்லாம் தமிழுக்கும் செல்லும்.

ஆகவே, நிரல் எழுதுகிறவர்களே, உங்கள் நிரலுக்கு முதலில் ‘விகடகவி’யைக் கொடுத்து, திருப்பினாலும் அதேதானா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால், வேகத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.