வாயைப் பாருங்கள்

கேள்வி: ஆடிப் புதுவெள்ளத்தில் காவிரியில் பிடித்த மீன்களில் கட்லா எது, ரோகு எது, மிர்கால் எது என்று குழம்புகிறேன். எப்படி அடையாளம் காண்பது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், தண்ணீருக்குத் தண்ணீர் அது மாறும். மீனைக் கையில் எடுத்து வாயைப் பாருங்கள். கட்லாவுக்குத் தலை பெருத்து, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். மேல்மட்ட நீரில் மேய்கிற மீன் அது. ரோகுவின் உதடு தடித்து, ஓரம் குஞ்சம் கட்டியதுபோல் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். மிர்காலுக்கு உடல் ஒல்லி, மூக்கு மழுங்கல், உதடு மெல்லியது. அடிமண்ணில் இரை தேடும்.

மூன்றுமே கங்கைப் பக்கத்து மீன்கள். காவிரிக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை. குளத்துத் தேங்கிய நீரில் இவை முட்டையிடாது. 1957இல் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு தாராளமாகக் கிடைத்தது.

ஆற்றில் இவற்றுக்கு வெள்ளம்தான் பேறுகாலம். வயிறு உப்பி, லேசாக அழுத்தினால் முட்டை கசியும் மீன் சிக்கினால், தயவுசெய்து ஈரக்கையோடு பிடித்து உடனே ஆற்றில் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வயிற்றில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன.