கத்தியில்லா அறுவை

உடலின் வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் மூளைக்கும் பரவுவதுண்டு. மூளை முழுவதற்கும் கதிர் பாய்ச்சினால் நோயோடு நினைவாற்றலும் குன்றக் காண்கிறோம். இதற்கு மாற்று யாது?

ஸ்வீடன் தேசத்து மூளை மருத்துவர் லார்ஸ் லெக்ஸெல் 1951-இல் ஒரு வழி வகுத்தார். பல திசையினின்றும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியிற் கூடுமாறு செலுத்தப்படும். தனிக்கதிர் தான் கடக்கும் இடத்திற்கு இழைக்கும் ஊறு சிறிது. அனைத்தும் கூடுமிடத்திலோ கட்டி அழியும். சிறுதுளி பெருவெள்ளமன்றோ! 1968-இல் ஸ்டாக்ஹோமில் பயனுக்கு வந்த அவரது ‘காமாக் கத்தி’யில் கோபால்ட் கதிரூற்றுகள் 179 இருந்தன.

ஒன்று முதல் மூன்று கட்டிகள் உடையாரை ஆராய்ந்த முடிவு 2016-இல் வெளிவந்தது. முழுமூளைக் கதிரையும் சேர்த்துப் பெற்றோரினும், குவிகதிர் மட்டும் பெற்றோர்க்கு அறிவுத்திறன் குன்றுதல் குறைவு. ஆயுளில் பெரும் வேறுபாடில்லை. எஞ்சிய நாளில் தம் மக்களின் பெயரை மறவாதிருத்தலும் மருத்துவத்தின் பயனே என்று துணிகிறோம்.