முதலில் சாப்பாடு, பிறகு கணக்கு



கோவை ரங்கே கவுடர் வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். 2018-ஆம் ஆண்டு நண்பர்கள் சிலருடன் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகருக்குச் சென்றிருந்தேன். கசகசாவும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் அந்த நாட்டிலிருந்து நம் சந்தைக்கு வருபவை. அந்த ஊர்ச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சரக்கைப் பார்க்கப் போன நான், ஒரு சாப்பாட்டுக் கடையில் வியாபாரப் பாடம் படித்துத் திரும்பினேன்.

1660-களில் கட்டப்பட்ட மசாலாச் சந்தை ஒன்று அங்கே இன்றும் நடக்கிறது. அதன் பின்புறச் சந்தில் ஒரு குடும்பம் நடத்தும் சிறு கடையில் மதியம் நுழைந்தோம். இத்தகைய கடைகளை ‘எஸ்னாஃப் லொகாந்தா’ என்கிறார்கள். ‘கடைக்காரர்களின் சாப்பாட்டுக் கடை’ என்று பொருள். சந்தை வியாபாரிகளுக்காகக் காலையிலேயே வீட்டுச் சமையல் போலச் சமைத்துத் தட்டுகளில் வரிசையாக வைத்துவிடுவார்கள். பிற்பகலில் தீர்ந்ததும் கடையை அடைத்து விடுவார்கள்.

எங்களுக்கு மொழி தெரியாது. நான் சைவம். கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒவ்வொரு தட்டாகக் காட்டினார். இறைச்சி கலந்தது என்றால் புருவத்தை உயர்த்துவார். அங்கே அதற்கு ‘வேண்டாம்’ என்று பொருள். மைசூர்ப் பருப்பில் செய்த சூப்பைக் கண்டதும் என் முகம் மலர்ந்தது. நான் விற்கும் பருப்பல்லவா! ஆனால் பெரியவருக்குச் சந்தேகம். சமையல் செய்யும் தம் மனைவியை அழைத்து, எலும்புச் சாறு சேர்க்கவில்லை, தண்ணீரில்தான் வேக வைத்தது என்று உறுதி செய்த பிறகே பரிமாறினார். ரொட்டி கேட்கக் கேட்க வந்தது. சாப்பிட்டு முடித்ததும் மகன் கையில் எலுமிச்சை மணம் வீசும் கொலோன் ஊற்றினான். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். சமைத்தவரிடம் ‘உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும்’ என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். நாங்களும் கற்றுக்கொண்டு சொன்னோம்.

இந்த வழக்கத்தின் வேர் பழமையானது. ‘அகி’ என்ற பெயரில் அங்கே வணிகர், கைத்தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. பின்னாளில் நம் மதுரைக்கும் வந்த பயணி இபன் பதூதா, 1330-களில் அங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சங்கத்தார் பகலில் உழைத்து, மாலையில் வருமானத்தைத் தலைவரிடம் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் உணவு வாங்கி, ஊருக்கு வந்த பயணிகளோடு சேர்ந்து உண்பார்கள். ஓர் ஊரில் இரண்டு கூட்டத்தார் அவருடைய குதிரையை மறித்துச் சண்டையிட, அவர் கொள்ளையர் என்று அஞ்சினார். யார் விருந்து படைப்பது என்பதுதான் சண்டை! சீட்டுப் போட்டு முடிவு செய்தார்களாம். நம்முடைய ‘போணி’ போலவே அங்கும் அன்றைய முதல் விற்பனைக்கு ‘சிஃப்தா’ என்று பெயர். தனக்குப் போணி ஆகிவிட்டால், அடுத்து வரும் வாடிக்கையாளரை இன்னும் போணி ஆகாத பக்கத்துக் கடைக்கு அனுப்புவது அந்தக் கால நன்னெறி என்கிறார்கள்.

தேநீர் குடிக்கும்போது என் தகப்பனார் நினைவு வந்தது. அன்னூர், பல்லடம் பக்கமிருந்து சரக்கு எடுக்க வரும் மளிகைக்காரர்களை வீட்டுக்கு அழைத்துப் போவார். “மொதல்ல சாப்புடுங்க, கணக்கு எங்கீங்க ஓடிப்போகுது?” என்பார். நான் மண்டிக்கு வந்த பின் அந்த வழக்கம் நின்றுபோனது.

ஒரு நாள் இருபத்திரண்டு ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். நான் போனில் துவரை விலை பேசிக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல், “பழைய பாக்கி என்னாச்சு?” என்றேன். நாலு பேர் எதிரில்தான். மறு வாரமே பாக்கியைத் தீர்த்தார். அதன் பிறகு வரவில்லை. விலைக்காகப் போய்விட்டார் என்றே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அவர் கடையைத் தேடிப் போனேன். முதலில் டீ வரவழைத்தார். பிறகுதான், “ரேட்டுக்காகப் போகலீங்ணா” என்று மட்டும் சொன்னார். வேறு மண்டியில் பழகிவிட்டதால் மாற முடியாது என்றார். அது நியாயம்தான். இழந்தது இழந்ததுதான்.

நண்பர்களே, பெரிய அங்காடிகளோடு விலையில் நம்மால் போட்டியிட முடியாத நாள் வரும். ஆனால் இவை நம் கையில்தான் உள்ளன.

1. கடைக்கு வந்தவரைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லிவிட்டுப் பிறகு போனைப் பேசுங்கள்.

2. தெரியாத சரக்கைத் தெரிந்ததுபோலச் சொல்லாதீர்கள். அந்தப் பெரியவர் மனைவியைக் கேட்டதுபோல, கேட்டுச் சொல்லுங்கள்.

3. பாக்கியைத் தனியே அழைத்துக் கேளுங்கள். பிறர் எதிரில் கேட்டால் பாக்கி வரும், ஆள் வரமாட்டார்.

வெளியூர் வியாபாரி மதிய நேரம் உங்கள் மண்டிக்கு வந்தால், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பில் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.