பள்ளியறைக் கண்ணாடியும் நம் வீடும்



பதிக்கோ நிழல்தாங்கலுக்கோ முதன்முதலாக வருகிறவர்கள் பள்ளியறையை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே சிலை இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை. ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது, விளக்கு எரிகிறது. கும்பிட நிற்கிறவருக்கு அவர் முகமே தெரியும். "அய்யா உனக்குள்ளே இருக்கிறார், அதைத்தான் கண்ணாடி காட்டுகிறது" என்று நாம் விளக்கம் சொல்லி அனுப்பிவிடுவோம். இருபது வருடத்துக்கு மேலாகப் பணிவிடை செய்கிற நானும் பலருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கண்ணாடியில் நான் என்னைப் பார்த்தேனா என்பதைப் பற்றியே இந்தப் பாடம்.

கண்ணாடிக்கு முன் ஆண்கள் தலைப்பாகை கட்டி நிற்கிறோம். மற்ற இடங்களில் சாமிக்கு முன் தலைத்துண்டை அவிழ்ப்பதுதான் மரியாதை. நமக்கு ஏன் வேறாக இருக்கிறது? தென் திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலையில் துண்டு கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே முண்டு இறங்கக் கூடாது, பெண்கள் தோள்சீலை போடக் கூடாது என்று தடுத்து வைத்திருந்த காலம் அது. தோள்சீலைக்கு அரசாணை வந்தது 1859-இல். அய்யா வைகுண்டம் சென்றது 1851-இல். ஆக, அரசாங்கம் மனம் இறங்குவதற்கு முன்பே அய்யா நம் ஆட்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொல்லிவிட்டார். பனையேறிவிட்டு வந்த ஒரு மனிதர் முதன்முதலாகத் தலைப்பாகையோடு நின்றபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அதுவரை ஊரார் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோமோ, அதுவே தான் என்று நம்பி இருந்திருப்பார்.

இனி என் வீட்டுக் கதை.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை. என் இளைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றான். முடிவு வந்த அன்று மைத்துனர் குடும்பம் எங்கள் வீட்டில் இருந்தது. அவர் மகன் பொறியியல் படிக்கிறான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கையில் நான் சொன்னேன்: "இவன் ஒண்ணுக்கும் ஆவமாட்டான்." மகன் பதில் பேசவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுவான், நான் எழும்புமுன் போய்விடுவான். தாங்கலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அவன் தலைப்பாகைத் துண்டு துணிக்கொடியிலேயே கிடந்து வெளிறிப்போனது. நாலு மாதம் இப்படி. நானோ, வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்று இருந்தேன். ஒருநாள் வீட்டுக்காரி சொன்னாள்: "தாங்கலுல கண்ணாடி தொடச்சிட்டு வாறிய. வீட்டுல உங்க மொகத்தப் பாக்க முடியல்லியே." எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் என் முறை. விளக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணாடியில் புகை படியும். எண்ணெய்ப் பிசுக்குள்ள துணியால் துடைத்தால் கரி இன்னும் பரவும். சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒருதரம் துடைக்க வேண்டும். பணிவிடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். துடைத்துக்கொண்டே வந்தேன், என் முகம் தெளிந்தது. தலைப்பாகையோடு நிற்கிறேன். வீட்டுக் கொடியில் கிடக்கும் துண்டு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து ஊரார் என் பாட்டன் தலையில் கட்ட விடாத துண்டை, இந்தக் காலத்தில் நான் என் மகன் தலையிலிருந்து எடுத்துவிட்டேன் என்று விளங்கியது.

அன்று உச்சிப்படிப்பு வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் மதிப்பெண்ணா என்னைச் சுட்டது? மைத்துனர் முன்னால் எனக்கு வந்த குறைச்சல்தான் சுட்டது. அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. பத்தாவதோடு நான் நின்றபோது என் அப்பாவும் இதே வார்த்தையை என்னிடம் சொன்னார். நாற்பது வருடம் அதை உள்ளே வைத்திருந்து, சமயம் வந்ததும் எடுத்துப் பிள்ளைமேல் போட்டிருக்கிறேன். கலியை வெளியே எங்கெங்கோ தேடுகிறோம்.

உடம்பையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாகைப்பதியில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். கடலில் நாளுக்கு மூன்று நேரம் குளியல், உடுத்த துணி துவைத்தல், ஒருநேரம் பச்சரிசியும் சிறுபயறும் என்று அவர்கள் நாளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நம் நாளில் ஒழுங்கு ஏது? இரவு பதினோரு மணிக்குச் சாப்பாடு, ஒரு மணி வரை போன். காலையில் எழும்பும்போதே எரிச்சல். அந்த எரிச்சலை யார்மேல் கொட்டுகிறோம்? வெளியாள் மேல் கொட்ட மாட்டோம், திருப்பிக் கொடுத்துவிடுவான். இப்போது கோபம் வந்தால் புறவாசலுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன். சில நாள் மறந்தும் போகிறேன்.

மகனிடம் நேராகவே சொன்னேன்: "மக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு." "சரிப்பா" என்றான், அவ்வளவுதான். வீட்டுக்காரி விடவில்லை. மைத்துனர் முன்னால் சொன்ன வார்த்தையை மைத்துனர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்றாள். நியாயம்தான். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், காப்பி வருமுன் சொல்லி முடித்தேன். அப்பன் மகனிடம் தப்பை ஒத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும் என்று தாங்கலில் சில பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். பயம் இருந்த நாலு மாதம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில், பள்ளிக்கூடம் சேர்த்த நாள் முதல் நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன்: "ஒனக்கு எது புடிக்கும்?" மோட்டார் காயில் கட்டும் கடையில் மத்தியானம் போய் இருக்கிறானாம். எரிந்த காயிலைப் பிரிக்கும்போது சுற்றை எண்ணிக்கொள்ள வேண்டும், சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சரியாக ஓடாது என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குப் பாதிதான் புரிந்தது. தோற்ற பாடத்தை மறுபடி எழுதுவதாகவும் அவனே சொன்னான். பதினோரு வயதில் திருஏடு வாசிப்பில் பெரியவர்களோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளை இவன். அரிகோபாலன் சீடர் 1841-இல் எழுதிய அகிலத்தை அந்த வயதில் வாசித்தவனுக்கு மூளை இல்லை என்று நான் எப்படி நினைத்தேனோ!

சென்ற கார்த்திகையில் எங்கள் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தலைப்பாகை இல்லை. நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த பாட்டா ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, தம் ஏட்டை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். திருக்கல்யாண வாசிப்பு அன்று நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது துணிக்கொடியைப் பார்த்தேன். துண்டைக் காணவில்லை.